நடுவில் நிற்பவர்: திருகோணமலைத் துறைமுகக் கரையில் வைத்தியரைக் காணலும் காணாது கேட்டலும்

திருகோணமலை உள்துறைமுகத்தை அடுத்து எழுந்து நிற்கும் ஓர்ஸ் ஹில், தமிழர் பேச்சில் உவர்மலை, அரச அலுவலகங்களும் பாடசாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கி அமைந்த மேட்டுநிலம் ஆகும். அங்கு வாழும் ஒருவருக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை முச்சக்கர வண்டியில் சில நிமிடத் தொலைவில் இருக்க, அதே மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் வாழ்வோருக்கு நெடுங்காலமாக அதே வைத்தியசாலை கடல் கடந்த ஒன்றாகவே இருந்து வந்தது. நோயாளர் வைத்தியரை நேரில் காண விரும்புகின்றனரா, தொலைபேசித் திரை வழியே கேட்க விரும்புகின்றனரா என்ற கேள்வி இன்று உலகெங்கும் ஆராயப்படுகிறது. ஆயினும் அது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்வியாக முன்வைக்கப்படும்போது, இத்துறைமுகத்தின் வரலாறு நன்கு அறிந்த ஒன்று விடுபட்டுப் போகிறது. வைத்தியரைக் காணாமல் வைத்தியம் கேட்ட எல்லாக் காலத்திலும் நோயாளருக்கும் வைத்தியருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் ஒருவர் நின்றிருக்கிறார் என்பதும், நோயாளரின் விருப்பம் பெரும்பாலும் அந்த மூன்றாம் ஆளின் மீதிருந்த நம்பிக்கையைப் பொறுத்தே அமைந்தது என்பதுமே அது.

சித்த வைத்தியத்தின் நோய் அறியும் முறை எண்வகைத் தேர்வு எனப்படும். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டையும் ஆராய்ந்தே நோயைக் கணிக்க வேண்டும் என்பது விதி. இவற்றுள் மணிக்கட்டில் விரல் வைத்து அறியும் நாடியும், தொட்டு வெப்பமும் வியர்வையும் உணரும் பரிசமும் நோயாளரின் உடல் வைத்தியரின் கைக்கு எட்டினாலன்றி இயலாதவை; நாவும் நிறமும் விழியும் கண்ணால் காண வேண்டியவை; மொழி, அதாவது நோயாளரின் குரலும் பேச்சின் தளர்வும், காதால் கேட்க வேண்டியது. கடைசியாக நிற்கும் மூத்திரமோ நோயாளரை விட்டுப் பிரிந்து வெகுதூரம் செல்லக்கூடியது. நீர்க்குறி, நெய்க்குறி என்ற இரு தேர்வுகளும் இதனடியாகவே எழுந்தன. நீர்க்குறியில் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகியவை பார்க்கப்பட்டன. நெய்க்குறிக்கு விடியற்காலையில் கழிந்த முதல் நீரை ஒரு கலத்தில் ஏந்தி, அசையாத இடத்தில் வெயில் படும்படி வைத்து, நல்லெண்ணெயில் ஒரு துளியை மெல்லிய குச்சியின் நுனியால் விட்டு, அது எவ்வாறு பரவுகிறது எனக் கண்கொட்டாது நோக்குவர். துளி பாம்பு போல நீண்டால் வாதம் எனவும், மோதிரம் போல வட்டமிட்டால் பித்தம் எனவும், முத்துப் போலத் திரண்டு நின்றால் கபம் எனவும் கொள்வது மரபு. படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளரின் வீட்டிலிருந்து உறவினர் ஒருவர் கலத்தை மூடி எடுத்துக்கொண்டு வைத்தியர் வாசலுக்குப் போக இயன்றது இந்த முறையினால்தான்.

அவ்வாறு போகும் ஆளுக்கு நூல்களில் தூதர் என்று பெயர். சுசுருத சங்கிதை தூதருக்கெனவே ஓர் அத்தியாயத்தில் இடம் ஒதுக்கி, அவர் வந்த வேளை, வந்த திசை, உடுத்த உடை, சொன்ன முதற்சொல், நின்ற நிலை ஆகியவற்றிலிருந்து நோயாளர் பிழைப்பாரா என்று கணிக்கும் வழிகளைக் கூறுகிறது. தமிழ் வைத்திய மரபிலும் தூதர் குறி என்ற பெயரில் இது வழங்கி வந்தது. இன்றைய வாசகர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது, ஒதுக்குவதில் பெரும் பிழையும் இல்லை. ஆனால் நோயாளர் வராமல் வேறொருவர் வந்து நோயைச் சொல்வது எவ்வளவு வழக்கமான செயலாக இருந்திருந்தால், அதற்கெனத் தனி இலக்கணம் வகுக்கும் தேவை எழுந்திருக்கும் என்பது கருதத்தக்கது. நோயைக் கணிக்க வந்த வைத்தியர் முதலில் நடுவில் நிற்பவரையே கணித்திருக்கிறார்.

யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களின் வழிவந்த மரபு வடக்கிலும் கிழக்கிலும் பரம்பரை வைத்தியர் வீடுகளில் நிலைத்திருந்த வேளையில், திருகோணமலைத் துறைமுகத்தில் வேறொரு வைத்தியமும் வேரூன்றியது. 1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியபின், துறைமுகம் கிழக்கிந்தியக் கடற்பிரிவின் முக்கியத் தளமாயிற்று. காய்ச்சலும் வயிற்றோட்டமும் வாந்திபேதியும் காவற்படையினரையும் கப்பலோட்டிகளையும் வாட்டிய இடம் என்று இத்தளத்துக்குப் பெயர் இருந்தது. கடற்படைக்கெனத் தனி மருத்துவமனையும் நகரத்துப் புதைகுழிகளும் அக்காலத்தின் சாட்சிகள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது வாந்திபேதியால் இறந்து, திருகோணமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கடலில் இருக்கும் வணிகக் கப்பலில் நோயாளர் உண்டு, வைத்தியர் பெரும்பாலும் இல்லை. இந்த நிலைக்குப் பிரித்தானியர் கண்ட தீர்வு 1868இல் வெளிவந்த கப்பல் தலைவர்களுக்கான வைத்தியக் கைந்நூல் ஆகும். வணிகக் கப்பல்களில் மருந்துப்பெட்டியும் எலுமிச்சைச் சாறும் வைத்திருப்பதைக் கட்டாயமாக்கிய 1867ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஹரி லீச் என்ற வைத்தியர் அதனை எழுதினார். கப்பல் தலைவர் நோயாளரின் நாவையும் தோலையும் பார்த்து, நூலில் சொல்லப்பட்ட குறிகளோடு பொருத்தி, பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னர் கம்பியில்லாத் தந்தி வந்ததும் கரையில் இருந்த வைத்தியரிடம் கேள்வி கேட்டு விடை பெற முடிந்தது. 1920இல் நியூயோர்க்கிலும் 1935இல் ரோமாபுரியிலும் கப்பல்களுக்கு வானொலி வழியே வைத்திய ஆலோசனை வழங்கும் நிலையங்கள் தொடங்கின. இன்றும் சர்வதேசச் சமிக்ஞைக் குறியீட்டின்படி, நீல விளிம்பும் அதனுள் வெள்ளையும் நடுவில் சிவப்பும் கொண்ட கொடியை ஏற்றும் கப்பல் தனக்கு வைத்திய உதவி தேவை என்று அறிவிக்கிறது. மஞ்சட் கொடி ஏற்றியது தன்னில் தொற்றுநோய் இல்லை, கரைசேர அனுமதி வேண்டும் என்று கேட்கிறது. திரையில் வைத்தியரைக் காண்பது புதுமை என்று கொண்டாடப்படும் இக்காலத்தில், நோயைத் தொலைவிலிருந்து அறிவிக்கத் துறைமுகங்கள் எத்தனை முறைகளை ஏற்கெனவே வகுத்திருந்தன என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கடலில் மட்டுமன்றி நிலத்திலும் இம்முறை செல்லும் என்பதை அவுஸ்திரேலியா காட்டியது. 1928இல் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலியைத் தொலைதூரப் பண்ணைகளுக்கு வழங்கி, பின்னர் எண்ணிடப்பட்ட மருந்துகள் கொண்ட பெட்டியையும் வீடுதோறும் வைத்தது. வைத்தியர் மருந்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வார். பண்ணை வீட்டுப் பெண் அந்த எண்ணுள்ள போத்தலை எடுத்துக் கொடுப்பார். மருந்தின் பெயரைத் தவறாகக் கேட்பதால் வரும் ஆபத்து இதனால் குறைந்தது.

இலங்கையின் உள்நாட்டுக் கிராமங்களில் இந்த இடைநிலைப் பணியைச் செய்தவர் அப்போதிக்கரி. 1858இல் படைத்துறையிலிருந்து பிரிந்த குடிசார் மருத்துவத் திணைக்களமும், 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் உருவாக்கிய வைத்தியர்கள் எண்ணிக்கையிற் சிலர். பெரிய ஊர்களுக்கு வெளியே அவர்கள் செல்வது அரிது. குறுகிய பயிற்சி பெற்று மருந்து கலக்கவும் காயம் கட்டவும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் வல்ல அப்போதிக்கரி டிஸ்பென்சரியில் அமர்ந்தார். வாரத்தில் குறித்த நாளில் கிளை டிஸ்பென்சரிக்குச் சென்றார். தமக்கு விளங்காத நோயாளரைத் துண்டு எழுதிப் பெரியாசுப்பத்திரிக்கு அனுப்பினார். இதே காலத்தில், 1847இல் இலங்கை வந்து 1873 வரை பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. கிறீனின் முயற்சியில் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது, நோயாளரின் மொழியில் நோயை விளக்கக்கூடிய ஒருவர் அருகில் இருப்பதே மேலைமருத்துவத்தின் மீது நம்பிக்கை வளர வழி என்ற அவரது துணிபு. மூன்று சமூகங்களின் வாழிடமான திருகோணமலையில் இது வெறும் கோட்பாடு அன்று. வேற்றுமொழி பேசும் வைத்தியர் முன் அமரும் தமிழ் அல்லது முஸ்லிம் நோயாளருக்கு நேர்ச்சந்திப்பிலும் நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். அது தாதியாகவோ, சிற்றூழியராகவோ, வரிசையில் அடுத்து நிற்கும் அறிமுகமற்ற ஒருவராகவோ இருக்கும். அந்தரங்கமான நோய் என்றால் அவர் காதிலும் விழத்தான் செய்யும்.

சுதந்திரத்தின்பின் இலவச மருத்துவம் உறுதிப்பட்டது. 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் கட்டணம் விதிக்கப்பட்டு 1977இல் நீக்கப்பட்டது. அந்தச் சிறு இடைவெளியைத் தவிர அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் காண்பதும் மருந்து பெறுவதும் கட்டணமற்றவையாகவே தொடர்ந்தன. 1977க்குப் பின் அரச வைத்தியர் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் இடங்களில் நோயாளரைப் பார்ப்பது பரவி, சனல் செய்தல் என்ற வழக்கம் நாடெங்கும் வேர்விட்டது. சனல் என்பது குறித்த நிபுணர் ஒருவரைக் குறித்த நாளில் காண முன்கூட்டியே கட்டணம் செலுத்தி இலக்கம் பெறுவது. கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருகோணமலையில் சில துறை நிபுணர்கள் வார இறுதியில் வந்து போகிறவர்களாக இருந்ததால், இலக்கம் பெறுவதே ஒரு தனித் திறமையாயிற்று. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த ஈ-சனலிங் சேவை, பெயரில் மின்னணுத் தன்மை இருந்தாலும், வைத்தியரை நேரில் காண்பதற்கான இலக்கத்தை வாங்கித் தருவதாகவே இருந்தது. இணையம் இலங்கை நோயாளரின் வாழ்வில் முதலில் நுழைந்தது நேர்ச்சந்திப்புக்கு மாற்றாக அன்று, அதற்கான வாயிற்காப்போனாக என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், வழியே இல்லாத ஆண்டுகளைப் பேசாமல் இவ்வரலாற்றைச் சொல்ல இயலாது. மூதூரிலிருந்து நகரத்துக்குக் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லாஞ்சியும், தெற்கே செல்லும் வீதியில் நீரோட்டம்தோறும் காத்துக்கிடந்த மிதவைகளும், போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் நோயாளரின் விருப்பத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. கடல் கொந்தளித்தாலும் லாஞ்சி நின்றது, சண்டை மூண்டாலும் நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையையே அழித்தது. 2009 பெப்ரவரி 10ஆம் திகதி முதல், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு போர் நடந்துகொண்டிருந்த புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தோரையும் நோயாளரையும் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றிவரத் தொடங்கியது. முதற் பயணத்தில் வந்தோர் ஏறக்குறைய 240 பேர், மே மாதம் வரை பராமரிப்போரும் உட்பட ஏற்றி வரப்பட்டோர் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர். தொலைவிலிருந்து சொல்லும் எந்த ஆலோசனையும் பயன்படாத இடத்தில் உடலையே கடல் வழியே வைத்தியரிடம் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதே 2009இன் ஒக்டோபர் 20ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியின் ஏனைய மிதவைகளுக்கும் பதிலாகப் பாலங்கள் வந்தன. திருகோணமலை மாவட்டத்தில் நோயாளருக்கும் வைத்தியருக்கும் இடையிலான தொலைவைக் குறைத்த கருவி எது என்று கேட்டால், கைத்தொலைபேசிக்கு முன்னால் இந்தப் பாலங்களைச் சொல்வதே நேர்மை. பாதை திறந்ததும் மக்கள் பேருந்தில் ஏறி நேரில் வந்தார்கள்.

கிளினிக் நாள் ஒன்றை அருகிருந்து நோக்கினால் அந்த வருகையின் தன்மை விளங்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர் விடியுமுன் பேருந்தேறி, பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியையும் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் அமர்கிறார். முறை வந்ததும் வைத்தியர் அழுத்தத்தைப் பார்த்து, கொப்பியைப் புரட்டி, சென்ற மாதத்து மருந்தையே திரும்ப எழுதுகிறார். சில நிமிடங்களில் வேலை முடிகிறது. பின்னர் மருந்து வழங்கும் சாளரத்தின் முன் மறுபடியும் வரிசை. ஒரு பகல் முழுவதும் செலவாகிறது, ஆனால் ஒரு மாதத்துக்கான மருந்து காசின்றிக் கைக்கு வருகிறது. இந்த மாதாந்த வருகையைத் தொலைபேசியில் முடித்திருக்கலாமே என்று நகரத்து இளைஞர் கேட்கும்போது, மருந்துக்குக் காசு யார் கொடுப்பது என்ற எதிர்க்கேள்விக்கு விடை வேண்டும். செயலி வழி ஆலோசனைக்குக் கட்டணம் உண்டு. அதன் முடிவில் கிடைக்கும் துண்டைக் கொண்டு தனியார் மருந்தகத்தில் விலை கொடுத்தே மருந்து வாங்க வேண்டும். இலங்கையில் இணைய வழி ஆலோசனை போட்டியிடுவது சனலோடுதான், இலவச வெளிநோயாளர் பிரிவோடு அன்று. இந்த வேறுபாட்டைக் கணக்கிலெடுக்காமல் பிற நாடுகளின் முடிவுகளை இங்கே பொருத்துவது பயனற்றது.

2010களின் பிற்பகுதியில் ஓடொக், டொக்990 போன்ற சேவைகள் கைத்தொலைபேசி வழி வைத்திய ஆலோசனையைப் பரப்பின. எனினும் அவற்றைப் பலருக்கு அறிமுகம் செய்தது 2020 மார்ச் 20ஆம் திகதி மாலையில் தொடங்கிய கொவிட் ஊரடங்கு ஆகும். தனிமைப்படுத்தலுக்கு அப்போது சட்ட அடிப்படையாக நின்றது, துறைமுகங்களில் வரும் கப்பல்களையும் மனதிற்கொண்டு 1897இல் இயற்றப்பட்ட தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டம். கிளினிக்குகள் நின்றன, ஆனால் சுகாதார அமைச்சும் அஞ்சல் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் நோயாளரின் மருந்துகளை வீடுகளுக்கு அனுப்பின. காக்கிச் சட்டைத் தபாற்காரர் சைக்கிளில் மருந்துப் பொட்டலத்துடன் வந்து நின்ற அந்த ஏற்பாடே கிராமத்து முதியவர் பலருக்குத் தொலைமருத்துவம் என்ற சொல்லால் குறிக்கப்படும் எதனையும் விட நெருக்கமாக இருந்திருக்கும். 2022இன் எரிபொருள் நெருக்கடி நோயாளரையும் வைத்தியரையும் மறுபடியும் வீட்டில் இருத்தியது. உள்துறைமுகத்தின் மறுகரையில், சீனக்குடாவில், பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்க, இக்கரையில் வைத்தியசாலைக்குப் போக எரிபொருள் இல்லாதிருந்தது அவ்வாண்டின் கசப்பான முரண்களுள் ஒன்று.

இந்த அனுபவங்களுக்குப் பின் விருப்பங்கள் ஒருவாறு பிரிந்து நிற்கின்றன. பரிசோதனை முடிவுகளைக் காட்டி விளக்கம் பெறவும், தொடர் மருந்தைப் புதுப்பிக்கவும், தோல் நோய்க்கும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய நகரத்தில் மனநல வைத்தியரின் வாசலில் காணப்பட விரும்பாதவருக்கும் திரை ஏற்றதாகிறது. தமிழ் பேசும் நிபுணரை நாட்டின் எப்பகுதியிலிருந்தும் தேர்ந்துகொள்ள முடிவது மற்றொரு நயம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தபடியே கட்டணம் செலுத்தி, உவர்மலையிலுள்ள தாயாரின் ஆலோசனை அழைப்பில் தாமும் இணைந்து பேசுவதும் இன்று நடக்கிறது.

காய்ச்சல் என்றால் கதை வேறு. 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான ஆண்டில், கிண்ணியாவும் திருகோணமலையும் ஆண்டின் தொடக்கத்திலேயே கடுமையாகத் தாக்கப்பட்டன. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் ஆபத்து தொடங்கலாம்: நுண்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, குருதி செறிவடைந்து, நோயாளர் நல்லவராய்த் தோன்றியபடியே அதிர்ச்சி நிலைக்குச் செல்லக்கூடும். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையும் செங்கலச் செறிவும் திரும்பத் திரும்ப அளக்கப்பட வேண்டிய அந்த நாட்களில் திரையில் தெரியும் முகம் நம்பத்தக்க சாட்சி அன்று. குழந்தையின் காய்ச்சலுக்குத் தாய்மார் நேரில் செல்வதையே விரும்புவதைப் பழமைப் பற்று என்று கூறுவோர் அந்த ஆண்டை மறந்தவர்கள்.

இந்தியாவில் தொலைமருத்துவத்தின் வலுவான எடுத்துக்காட்டுகளை நோக்கினாலும் நடுவில் நிற்பவர் தென்படுகிறார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் நடத்தும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுத்து அனுப்ப, மதுரையில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளரோடு பேசுகிறார். அந்தப் பணியாளர் அப்போதிக்கரியின் வழித்தோன்றல். கையும் கண்ணும் அருகில், தீர்ப்பு தொலைவில். திருகோணமலையின் வீடுகளிலோ அந்த இடத்தில் பெரும்பாலும் நிற்பவர் பேரப்பிள்ளை. பாட்டியின் காலில் உள்ள புண்ணுக்கு நேரே தொலைபேசியைப் பிடித்து, வெளிச்சம் போதாதென்று சாளரத்தருகே நாற்காலியை நகர்த்தி, அழுத்தினால் குழி விழுகிறதா என்று வைத்தியர் கேட்க விரலால் அழுத்திப் பார்த்து விடை சொல்கிறார். பாட்டி தமக்கு மலச்சிக்கல் இருப்பதைப் பேரன் முன் சொல்லாமல் விட்டுவிடுவார். தூதர் நின்ற நிலையையும் சொன்ன முதற்சொல்லையும் கணிக்கச் சொன்ன பழைய நூலாசிரியர் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்திருப்பார்.

நடுவில் நிற்கும் இவரைச் சட்டம் இன்னும் அறியவில்லை. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச்சட்டம் வைத்தியரைப் பதிவு செய்கிறது. அப்போதிக்கரியின் பிற்காலப் பெயரான உதவி மருத்துவரையும், மருந்தாளரையும், மருத்துவிச்சியையும் பதிவு செய்கிறது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. பாட்டியின் காலை அழுத்திப் பார்த்து வைத்தியருக்கு விடை சொன்ன பேரனுக்கோ, சந்தியிலுள்ள கடையில் தன் தொலைபேசியில் அழைப்பை ஏற்படுத்திக் கொடுத்து முதியவருக்காகப் பேசும் இளைஞருக்கோ எந்தப் பதிவேடும் இல்லை. அவர் தவறாகச் சொன்னதால் தவறான மருந்து எழுதப்பட்டால் பொறுப்பு, பதிவேட்டில் பெயருள்ள வைத்தியரிடமே வந்து சேர்கிறது. காணொளியில் ஐயம் எழுந்ததும், நேரில் வாருங்கள் என்று அவர் சொல்லிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.